மொட்டை மாடியில் ஒரு யூஎச்எஃப் ஆன்டெனா: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

வாக்கி டாக்கியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டு, சொந்தமாகச் செய்த ஒன்றை மாட்டிப் பார்க்க ஆசையா? அப்படியானால் யூஎச்எஃப்பில் தொடங்குங்கள். 300 முதல் 3,000 மெகாஹெர்ட்ஸ் வரை யூஎச்எஃப். அதில் நம் நாட்டு ஹாம் ஆட்களுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கு, ஒதுக்கியிருப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டு. அங்கே அலைநீளம் 69 சென்டிமீட்டர்தான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா கட்ட 20 மீட்டர் கம்பியும் எதிரெதிரே இரண்டு தென்னை மரமும் தேடவேண்டும். இங்கே ஒவ்வொரு கம்பியும் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாட்டு மேசையிலேயே வேலை முடிந்துவிடும், கெட்டுப்போனாலும் நஷ்டம் பெரிதில்லை.

முதலில் உரிமம். ஆன்டெனா வெறும் கம்பி, செய்யலாம், அளக்கலாம். ஆனால் அதில் ஒரு செட்டை மாட்டிப் பேசவேண்டும் என்றால் ஹாம் உரிமம் கையில் இருக்கவேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதவேண்டும்; 12 வயது ஆனவர்கள் எழுதலாம். இரண்டு நிலைகள் உண்டு. எளிய நிலைக்கு மோர்ஸ் தந்திக்குறி தேவையில்லை, வியூ 3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். மேல்நிலைக்கு மோர்ஸும் உண்டு, அதற்கு வியூ 2 (VU2). உரிமம் வந்த பிறகு வாக்கி டாக்கி வாங்குவதுதான் முறை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் செட்டை வாங்கி, அப்புறம் உரிமத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நல்லதல்ல. உரிமம் இல்லாத காலத்தில், உரிமம் உள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஹாம் ஆட்கள் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதற்கென்றே காத்திருப்பவர்கள். பேச்சை நிறுத்துவதுதான் சிரமம்.

என்னென்ன வாங்குவது, எங்கே

முதல் ஆன்டெனா 'கிரவுண்ட் பிளேன்'. நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி, அடியில் நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் நான்கு கம்பிகள், அவ்வளவுதான். யாகி, ஜே போல், காலினியர் என்று பல வகைகளைப் பார்த்து மயங்கவேண்டாம். அளக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான ஆன்டெனா இல்லை.

கம்பிக்கு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனால் இப்போதெல்லாம் நூல் நூலாக இழை கொண்ட வயரைத்தான் கொடுப்பார்கள். அது நிமிர்ந்து நிற்காது. நம் ஊர்ப் பக்கம் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு இருக்கும் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாமல் இருக்காது. தருமபுரி, பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். அங்கே 2 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் தடிமனில் ஒரே கம்பியாக உள்ள செம்பு கேளுங்கள். 14 கேஜ் என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.6. எடைபோட்டுத் தருவார்கள். ஒன்றரை மீட்டர் போதும். மேலே எனாமல் பூச்சு இருக்கும். ஈயம் பிடிக்கவேண்டிய நுனிகளில் மட்டும் பிளேடாலோ உப்புத்தாளாலோ சுரண்டி, செம்பு பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள். அரைகுறையாகச் சுரண்டிய இடத்தில் ஈயம் உருண்டு ஓடிவிடும்.

சுருளாக வந்த கம்பியைக் கையால் நிமிர்த்தினால் பாம்பு மாதிரிதான் இருக்கும். ஒரு நுனியை வைஸில் பிடித்து, மறு நுனியை டிரில் மெஷினின் வாயில் மாட்டி, லேசாக இழுத்துக்கொண்டே மெதுவாகச் சில சுற்றுகள் சுற்றவிடுங்கள். கம்பி ஸ்கேல் வைத்ததுபோல் நேராகிவிடும். கூடவே கொஞ்சம் விறைப்பும் ஏறும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், நுனி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

இன்னொன்று கேபிளின் முனை வந்து திருகும் எஸ்ஓ 239 சாக்கெட், நான்கு மூலையிலும் துளை உள்ள சதுரத் தகடு வகை. துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் போல்ட், நட், வளைய லக் நான்கு நான்கு. சால்டரிங் அயர்ன் கொஞ்சம் பெரிதாக, 60 வாட் அளவில் இருக்கட்டும். மொபைல் சர்வீஸுக்கு வைத்திருக்கும் ஊசி முனை அயர்ன் இந்தத் தகட்டைச் சூடாக்கத் திணறும். இன்னும் துல்லியம் வேண்டுபவர்கள் 'என்' (N) வகை கனெக்டர் போடுவார்கள். முதல் முயற்சிக்கு எஸ்ஓ 239 தாராளம்.

வெட்டுவது, பத்தவைப்பது

நடுக்கம்பியின் நீளம் கால் அலை. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 435க்கு 69 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 17.2. நிஜக் கம்பியில் இதற்கு ஐந்து சதவீதம் போலக் குறைத்துக்கொள்ளவேண்டும், ஆக 16.4. ஆனால் 16.4க்கு வெட்டிவிடாதீர்கள். 17.5 வையுங்கள். வெட்டிய கம்பியை யாராலும் வளர்க்க முடியாது.

இந்த நீளத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சாக்கெட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழிவான முள்ளின் மேல்முனையிலிருந்து அல்ல; தகட்டின் பரப்பிலிருந்து. அந்த முள்ளும் ஆன்டெனாவின் பகுதிதான். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரும் அதைக் கணக்கில் விட்டுவிட்டால், ஆன்டெனா இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸ் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

குழிக்குள் கம்பியை நிறுத்தி, முதலில் முள்ளைச் சூடாக்கி, அப்புறம் ஈயத்தை விடுங்கள். ஈயம் குழியின் விளிம்புவரை ஏறி மின்னவேண்டும். ஆறும்வரை கம்பியை அசைக்கக்கூடாது. அசைந்தால் மேற்பரப்பு மங்கலாகச் சொரசொரத்துப்போகும், அது நிற்காத ஒட்டு. கீழ்க்கம்பிகள் நான்கையும் 18 சென்டிமீட்டருக்கு வெட்டி, லக்கில் பத்தவைத்து, போல்ட்டால் மூலைத் துளைகளில் இறுக்குங்கள். இவற்றின் நீளம் அவ்வளவு கறாராக இருக்கவேண்டியதில்லை. பிறகு நான்கையும் 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

ஏன் சாய்க்கவேண்டும்? மட்டமாக வைத்தால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 36 ஓம் பக்கம் நிற்கும். சரியச் சரிய ஏறி, 45 டிகிரியில் 50 ஓமுக்கு அருகில் வரும். செட்டும் கேபிளும் எதிர்பார்ப்பது 50. ஆக, நீளத்தை வைத்து அலைவரிசையையும் சாய்வை வைத்து ஓமையும் திருத்திக்கொள்ளலாம். கைக்கு இரண்டு திருகு கிடைத்த மாதிரி.

அளப்பது

இந்தப் பொழுதுபோக்கை மாற்றிப்போட்ட கருவி நானோ விஎன்ஏ. ஆன்டெனா எந்த அலைவரிசையில் நன்றாகப் பொருந்துகிறது என்று திரையில் கோடாக வரைந்து காட்டும், 2019 வாக்கில் மலிவுவிலையில் பரவிய உள்ளங்கை அளவுப் பெட்டி. அதன் முதல் வகையே 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த வேலையை இது மேசைமேல் செய்கிறது. வாங்கும் வசதி இல்லையென்றால் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் மின்னணுத் துறையில் கேட்டுப் பாருங்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் லாரி செட்டுகளுக்கான மீட்டரை யாராவது கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 435இல் அது சொல்வதெல்லாம் பொய்.

அளக்கும் எல்லையை 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். எல்லையை மாற்றியவுடன் அளவுதிருத்தம் செய்யவேண்டும்: கூடவே வரும் மூன்று குட்டி மூடிகளை, திறந்தது (ஓப்பன்), குறுக்கிணைத்தது (ஷார்ட்), 50 ஓம் (லோட்) என்று வரிசையாக மாட்டி, திரையில் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, கடைசியில் சேமிப்பது. இதைப் பெட்டியின் வாயிலேயே செய்துவிட்டு, அப்புறம் அரை மீட்டர் கேபிளைச் சொருகினால் பயனில்லை. ஆன்டெனா எந்த முனையில் மாட்டப்போகிறதோ அந்த முனையில் மூடிகளை வைத்துச் செய்யவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: நானோ விஎன்ஏவில் ஒருபோதும் வாக்கி டாக்கியை மாட்டிப் பொத்தானை அழுத்தாதீர்கள். ஐந்து வாட் உள்ளே போனால் கருவி அன்றோடு சரி.

இப்போது ஆன்டெனாவை ஒரு பிவிசி பைப்பின் தலையில் நிறுத்தி, சுவரிலிருந்தும் கம்பிக் கதவிலிருந்தும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் பட்டுத் திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் அளவு எஸ்டபிள்யூஆர்; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. திரையில் எஸ்டபிள்யூஆர் கோடு ஒரு இடத்தில் பள்ளமாக இறங்கும். 17.5 சென்டிமீட்டர் கம்பிக்கு அந்தப் பள்ளம் 407 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தெரியவேண்டும். பள்ளம் கீழே இருந்தால் கம்பி நீளம் அதிகம் என்று பொருள். இந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் பள்ளம் ஏறத்தாழ இரண்டரை மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். முதலில் 5 மில்லிமீட்டர் வெட்டிப் பாருங்கள், அப்புறம் 2, அப்புறம் வெட்டுவதை விட்டுவிட்டு அரத்தால் தேயுங்கள். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து, இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். உடம்பு பக்கத்தில் இருந்தாலே கோடு ஆடும். தள்ளி நின்ற பிறகும் கேபிளைத் தொட்டால் கோடு ஆடுகிறதா? அப்படியானால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக வேலைசெய்கிறது. சாக்கெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று ஃபெரைட் மணிகளை (கேபிளில் கோக்கும் கறுப்பு வளையங்கள்) மாட்டினால் அடங்கும்.

எவ்வளவு வந்தால் போதும்? எஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் அனுப்பியதில் நான்கு சதவீதம் திரும்பிவருகிறது. 2 என்றால் பதினொன்று, 3 என்றால் கால் பங்கு. 1.5க்குக் கீழே வந்துவிட்டால் அரத்தைக் கீழே வையுங்கள். 1.3ஐ 1.1 ஆக்க இன்னொரு மணி நேரம் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தை மறுமுனையில் கேட்பவரின் காது கண்டுபிடிக்கவே முடியாது.

மீட்டர் சொல்லாதது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்டபிள்யூஆர் நன்றாக இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று நினைப்பது. ஒரு 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பாருங்கள், எஸ்டபிள்யூஆர் 1 காட்டும். அதற்காக அதை வைத்து ஓசூரோடு பேச முடியுமா? திரும்பி வராதது எல்லாம் காற்றில் போனது என்று அர்த்தமில்லை. சூடாகவும் போயிருக்கலாம்.

கேபிள் இதைவிடக் கெட்டிக்காரப் பொய்யன். ஆர்ஜி 58 எனும் மெல்லிய கறுப்புக் கேபிள், வகையைப் பொறுத்து, இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு 30 முதல் 40 டெசிபெல் வரை விழுங்கும். மாடியிலிருந்து அறைக்குப் 10 மீட்டர் இழுத்தால் 3 முதல் 4 டெசிபெல் போய்விடும், அதாவது பாதிச் சக்தி அல்லது அதற்கும் மேல். திரும்பிவரும் அலையும் அதே கேபிளில் அதே அளவு தேய்ந்து வருவதால், அறையில் இருக்கும் மீட்டருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் கேபிளை வெறுமனே திறந்துவிட்டாலும், எஸ்டபிள்யூஆர் எகிறுவதற்குப் பதில் 3ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் காட்டும். செய்து பாருங்கள், ஒரு தடவை பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது. அதனால் ஆன்டெனாவை அதன் அடியிலேயே அளந்துகொள்ளுங்கள். அறைக்குள் வரும் முனையில் அளந்தது கணக்கில் சேராது.

பேசுவதற்கு ஆர்ஜி 213 மாதிரித் தடித்த கேபிள் நல்லது. 100 மீட்டருக்கு 15 டெசிபெல் பக்கம்தான் இழப்பு. கேட்க மட்டும் என்றால் டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி 6 போதும். 75 ஓம் ஆயிற்றே என்று கவலைப்படவேண்டாம். ஓம் பொருந்தாததால் போவது கொஞ்சம்; மெல்லிய ஆர்ஜி 58இல் தேய்ந்து போவதோ அதைவிடப் பல மடங்கு. எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு.

அப்படியானால் ஆன்டெனா நிஜமாகவே வேலைசெய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான். கணினியில் சொருகினால் அதை ரேடியோ ரிசீவராக்கும் ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வேண்டும். சிக்னலுக்கு எங்கும் போகவேண்டாம். வயர்லெஸ் காலிங் பெல் பொத்தானோ பைக் அலாரம் ரிமோட்டோ பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் வேலைசெய்பவை. நம் ஆன்டெனாவுக்குப் பக்கத்து வீடு. ரிமோட்டை இருபது மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலின் மேல், நிமிர்ந்த நிலையில் வைத்து, தம்பியையோ தங்கையையோ அழுத்தச் சொல்லுங்கள். டாங்கிளின் தானியங்கி கெயினை அணைத்து, ஒரே அளவில் நிறுத்திவிடவேண்டும். இல்லையென்றால் மென்பொருளே எல்லா ஆன்டெனாவையும் சமமாக்கிக் காட்டிவிடும். முதலில் ரப்பர் ஆன்டெனா, பிறகு உங்களுடையது, மறுபடி ரப்பர். ஒவ்வொன்றிலும் சிக்னல் எத்தனை டெசிபெலில் எழும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு அளவை நம்பவேண்டாம். தரையிலும் சுவரிலும் பட்டுவரும் அலைகள் நேராக வருவதோடு சேர்ந்து சில இடத்தில் கூட்டும், சில இடத்தில் கழிக்கும். ஆன்டெனாவை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு மாறுவது அதனால்தான். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டு டெசிபெலுக்குக் குறைவான வித்தியாசத்தை வித்தியாசமாகவே எண்ணாதீர்கள். அப்புறம், விளையாட்டாக உங்கள் ஆன்டெனாவைப் படுக்கவைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் ரிமோட்டின் சிக்னல் சட்டென்று விழும். திறந்த வெளியில் இந்த இழப்பு 20 டெசிபெல் வரைகூடப் போகும். வாக்கி டாக்கியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு "கேட்கவில்லை, கேட்கவில்லை" என்பவர்களுக்குப் பாதி மருந்து இதில் இருக்கிறது.

நம் மலைகள்

யூஎச்எஃப் பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும். தரைமட்டத்திலிருந்து உங்கள் ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் ரேடியோவின் அடிவானம் கிலோமீட்டரில் வரும். கையில் பிடித்தால் ஐந்து கிலோமீட்டர். 10 மீட்டர் உயர மாடியில் 13. சுற்று நிலத்தைவிட 400 மீட்டர் உயர்ந்த மலைத்தலையில் 80க்கு மேல். இந்த ஏற்றத்தை எந்த ஆன்டெனா வடிவமும் தராது. அதனால்தான் யாராவது "எந்த டிசைன் பெஸ்ட்" என்று கேட்டால், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலம் இதைப் பாடமாகவே நடத்துகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலை சூளகிரிப் பக்கம் ஏறி, கிருஷ்ணகிரியைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரமான மேட்டில் கொண்டுபோய் விடும். மேட்டின் உள்ளே தள்ளி இருக்கும் ஓசூர் வீட்டுக்கும் கீழே இருக்கும் கிருஷ்ணகிரி வீட்டுக்கும் நேர்த்தொடர்பு கிடைப்பது கடினம். நடுவில் மேட்டின் விளிம்பு மறைக்கும். அதே ஆள் விளிம்பில் வந்து நின்றால் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் திறந்துவிடும். தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயில் இறங்கினால் இதே பாடம் தலைகீழாக. வழியில் எந்த வளைவில் சத்தம் அறுந்தது, எங்கே திரும்பி வந்தது என்று குறித்துக்கொண்டு போனால் அதுவே நல்ல சோதனை (வண்டி ஓட்டுபவர் குறிக்கவேண்டாம்). கருங்கல் குன்றுக்குப் பின்னால் நிழல் எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதைக் குன்றைச் சுற்றி நடந்தே பார்க்கலாம். மழை நின்ற கையோடு மாந்தோப்புக்குள் போய் அளந்தால், நனைந்த இலை எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரியும்.

ஒரு நடைமுறை விஷயம். மூன்று அடிக் கம்பி ஆன்டெனாவை வானத்துக்கு நீட்டியபடி கே.ஆர்.பி. அணைமேல் நிற்காதீர்கள். உரிமம் இருந்தாலும் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவேண்டாம்; கோட்டை மலைகளில் எதையும் கட்டவோ அறையவோ வேண்டாம். உரிம நகல் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மலையே வேண்டாம் என்றால் வானம் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள, கேட்டதைத் திரும்ப அனுப்பும் ஹாம் ரிப்பீட்டர் இயங்கும் நாட்களில் 437.800 மெகாஹெர்ட்ஸில் கீழே அனுப்பும். அது கடக்கும் நேரத்தைச் சொல்லும் செயலிகள் உண்டு. அதிகம் போனால் பத்து நிமிடம். வரும்போது டாப்ளர் விளைவால் (நகரும் பொருளின் அலைவரிசை மாறித் தெரிவது) 437.810 பக்கம் கேட்கும், தலைக்குமேல் 437.800, போகும்போது 437.790. கிரவுண்ட் பிளேனிலேயே கேட்க முடிகிறது, அடிவானத்திலும் நேர் தலைக்குமேலும் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அது போதாது என்று தோன்றும்போது யாகி செய்யுங்கள். 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் வெளியிட்ட அதே அமைப்பு. மூன்று கம்பி போதும்: பின்னால் 34 சென்டிமீட்டர், நடுவில் இரண்டாகப் பிளந்து கேபிள் சேரும் 32, முன்னால் 30.5, இடைவெளி 14 சென்டிமீட்டர் வீதம். தாங்குவதற்கு பிவிசி பைப் அல்லது மரச்சட்டம். இவை தொடங்கும் அளவுகள்தான். கம்பியின் தடிமனைப் பொறுத்து நடுக்கம்பியை நானோ விஎன்ஏ பார்த்து வெட்டவேண்டும், ஓம் பொருந்தாவிட்டால் முன்கம்பியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். பிறகு அதே ரிமோட்டை வைத்து, ஆன்டெனாவை 30 டிகிரி 30 டிகிரியாகத் திருப்பி ஒவ்வொரு திசையிலும் டெசிபெலைக் குறித்து வட்டத்தாளில் புள்ளிவைத்தால், முன்பக்கம் நீண்ட ஒரு இலை வடிவம் வரவேண்டும். பின்னாலும் அதே அளவு நீண்டால் பின்கம்பியின் நீளத்தைச் சரிபாருங்கள்.

மாடியில் நிரந்தரமாக நிறுத்துவதானால் மூன்று விஷயம். சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத தூரத்தில் குழாயை நடுங்கள். சித்திரை, வைகாசியில் சாயங்கால இடி இறங்கும் ஊர் இது. இடிச்சத்தம் கேட்டவுடன் மாடிக்கு ஓடவேண்டாம், அதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடும் பழக்கம் வையுங்கள், குழாயை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் கேபிள் முழுக்க வீண். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்ந்த மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை நானோ விஎன்ஏவால் அளந்து அந்தக் கோட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் அளக்கும்போது பள்ளம் இடம் மாறியிருந்தாலோ, ஒன்றுமே செய்யாமல் முன்பைவிட 'அழகாக' ஆகியிருந்தாலோ, முதலில் அவிழ்க்கவேண்டியது அந்த டேப்பைத்தான்.